வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து இங்கிலாந்தில் படிக்கலாமா?

நேதாஜி நகர் பையன்
வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். சிஜிபிஏ 7.6, அரியர் கிடையாது. அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,500.

வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். ஜெர்மனி பற்றிக் கேட்டதற்கு, "உன் மார்க்குக்கு அங்கே சீட் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி.க்கு ஆஃபர் லெட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். ஃபீஸ், தங்குவது, விசா எல்லாம் சேர்த்து 28 லட்சம். இந்த மாதக் கடைசிக்குள் டெபாசிட் கட்ட வேண்டுமாம்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இருப்பது ஒரு வீடு, அவர் பெயரில். பத்திரத்தை பேங்கில் வைத்துவிடலாம் என்கிறார். அக்காவுக்குச் சம்மதமில்லை. "நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் எந்த வாசலில் வந்து நிற்பேன்?" என்று கேட்கிறாள். போய் வந்தவர்கள், போகாதவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ
தம்பி, வேண்டாம். நான் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 34 வருடம் வேலை பார்த்தவன். என் பையன் 2022-ல் இதே மாதிரி ஓராண்டுப் படிப்புக்கு இங்கிலாந்து போனான். படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் வேலை தேடிக்கொள்ள விசா இருந்தது. ஸ்பான்சர் செய்ய ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட்டில் பெட்டி தூக்கினான். போன வருடம் திரும்பி வந்துவிட்டான். என் பென்ஷனில் பாதி இன்னும் கடனுக்குப் போகிறது.

இப்போது நிலைமை அதைவிட மோசம். 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் பதினெட்டு மாதம் ஆகிறது. வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 2025 ஜூலையில் 41,700 பவுண்டுக்கு ஏற்றிவிட்டார்கள். இதையெல்லாம் கன்சல்டன்சியில் சொன்னார்களா?

வியாசர்பாடிக்காரி
லோகோ சார் சொல்வதில் ஒரு விவரம் விட்டுப்போகிறது. புதிதாகப் படித்து வெளியே வருபவர்களுக்கு அந்த வரம்பு 33,400. அதுவும் சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வீடு வாரியக் குடியிருப்பு. கிரயப் பத்திரம் கையில் இல்லை, அதனால் பேங்கில் வைக்க ஒன்றுமில்லை. தனியார் நிதி நிறுவனத்தில் 13.5 சதவீத வட்டிக்கு வாங்கிக்கொண்டு 2018-ல் அயர்லாந்து போனேன். அதற்கு முன்னால் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. எல்லாச் சுற்றும் முடிந்து எச்.ஆர். விலாசத்தைப் படித்துவிட்டு, "வியாசர்பாடியா? ராத்திரி ஷிஃப்ட்டுக்கு கேப் அனுப்ப முடியாதே" என்றார். என் கூடப் படித்தவர்கள் ரெஸ்யூமில் மாமா வீட்டு விலாசம் போடுவார்கள், அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் என்று. டப்ளினில் ஒருவரும் என் பின்கோடைக் கேட்கவில்லை. கடனை நாலரை வருடத்தில் அடைத்தேன்.

தம்பிக்கு இங்கே என்ன காத்திருக்கிறது? அடுத்த வருடம் 23,000, அதற்கடுத்த வருடம் 24,500. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

கணக்குப்பிள்ளை
பேங்கில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

28 லட்சம், 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஒரு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். பணம் முழுவதும் ஆரம்பத்திலேயே போய்விட்டால், இரண்டு வருடத்தில் தனிவட்டியே 6 லட்சத்துக்கு மேல். அசலோடு சேர்த்து 34 லட்சம். பத்து வருடத் தவணை போட்டால் மாதம் 47,000. அங்கே வேலை கிடைத்தால் இது பெரிய பாரமில்லை. கிடைக்காமல் வந்து இங்கே 35,000 சம்பளத்தில் சேர்ந்தால்?

90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். 2002-ம் வருட சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே பேங்க் வீட்டின் மேல் கை வைக்க முடியும். அக்கா கேட்ட கேள்வி சென்டிமென்ட் இல்லை, சட்டப்படியே சரியான கேள்வி.

காசிமேடு ஐஸ் பெட்டி
கடலுக்குப் போகிறவன் டீசலுக்குக் கடன் வாங்காமலா போகிறான்? மீன் கிடைக்குமா என்று எந்தக் கடலும் எழுதிக் கொடுப்பதில்லை.

கணக்குப்பிள்ளை
ஐஸ் பெட்டி, ஒரு நடையில் மீன் கிடைக்காவிட்டால் அடுத்த நடை போவீர்கள். 28 லட்சத்துக்கு அடுத்த நடை கிடையாது.

புளியந்தோப்பு–பிரவுன்ஷ்வைக்
எல்லோரும் இங்கிலாந்தைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். "உன் மார்க்குக்கு ஜெர்மனி கிடைக்காது" என்று சொன்னார்களே, அதைப் பார்ப்போம்.

நான் இருக்கும் ஜெர்மனியில் நம் மதிப்பெண்ணை பவேரிய சூத்திரத்தில் மாற்றுவார்கள். முழு மார்க் 10, பாஸ் மார்க் 5 என்று வைத்துக்கொள்வோம். பத்திலிருந்து 7.6-ஐக் கழித்தால் 2.4. அதை, பத்துக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசமான 5-ஆல் வகுத்தால் 0.48. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.44. இங்கே எண் குறையக் குறைய நல்லது. பல படிப்புகளுக்கு வரம்பு 2.5. தம்பி உள்ளேதான் இருக்கிறார். எம்.எஸ். கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை. பாடத்திட்டம் ஒத்துப்போகிறதா என்று கிரெடிட் கிரெடிட்டாகப் பார்ப்பார்கள், கேட்கும் இடங்களில் ஜி.ஆர்.இ. தேர்வு மார்க்கும் வேண்டும். ஆனால் "கிடைக்காது" என்பது பொய்.

ஏன் அப்படிச் சொன்னார்கள்? நம்மிடம் பணம் வாங்காமல் "இலவசமாக" வேலை செய்யும் கன்சல்டன்சிக்கு கூலி கல்லூரிதான் கொடுக்கிறது, ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன். ஃபீஸே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் எதை எடுத்துக் கமிஷன் கொடுக்கும்? அதனால் அந்தப் பெயர் அவர்கள் வாயில் வராது. வந்தாலும் தனியார் கல்லூரியாகத்தான் வரும்.

பெரம்பூர் லோகோ
ஃபீஸ் இல்லை என்றால் சோறு?

புளியந்தோப்பு–பிரவுன்ஷ்வைக்
சரியான கேள்வி, சார். பிளாக்ட் அக்கவுண்ட் என்று ஒன்று. விசாவுக்கு முன்னாலேயே வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 12 லட்சம். ஆனால் அது ஃபீஸ் மாதிரி போய்விடாது. மாதம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்பி வரும், அதில்தான் வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ். அதோடு படிக்கும்போதே வருடத்தில் 140 முழு நாள் வேலை செய்யலாம். இரண்டாவது வருடத்தை நான் அப்படித்தான் ஓட்டினேன். முடித்த பிறகு வேலை தேட 18 மாதம்.

எல்லா இடத்திலும் ஃபீஸ் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். தனி, அதற்கு 18,000 ரூபாய்.

வியாசர்பாடிக்காரி
ஜெர்மன் மொழியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லையே, அண்ணே.

புளியந்தோப்பு–பிரவுன்ஷ்வைக்
மாட்டிக்கொண்டேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் மெக்கானிக்கல் வேலைக்கு ஜெர்மன் வேண்டும். மொழியில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக நிலைகள் உண்டு. பி1 கூடப் பத்தாது, பி2 இருந்தால் பேசுவார்கள். எனக்கு வேலை கிடைக்க 14 மாதம் ஆனதற்குக் காரணம் அதுதான். ஏ1, ஏ2-வை ஊரிலேயே முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கினால் ஜெர்மன் சொல்லித்தரும் நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன் கிட்டத்தில்தான். அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

எம்.கே.பி. நகர் வாசகி
ஒரு விஷயம். தம்பி ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் வகுப்பா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில், குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 36 லட்சம் வரை உதவித்தொகை. கடன் இல்லை, உதவித்தொகை. மத்திய அரசிலும் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. நான் படித்த கல்லூரியில் இப்படி ஒன்று இருப்பதாக ஒரு ஆசிரியர்கூடச் சொன்னதில்லை. கன்சல்டன்சி நோட்டீஸ் மட்டும் கேன்டீன் சுவர் முழுக்க இருந்தது.

பெரம்பூர் லோகோ
நல்ல தகவல், அம்மா. ஆனாலும் நான் கேட்கிறேன். கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 அவர்களே கொடுக்கிறார்கள். கிண்டி என்ன, சந்திரனிலா இருக்கிறது? என் தலைமுறையில் கடல் தாண்டுவது என்றால் பர்மா. வியாசர்பாடியில் பாதிப் பேரின் தாத்தாக்கள் 1964-க்கு அப்புறம் ரங்கூனில் கடையையும் சொத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள். அயல்நாட்டுச் சட்டம் ஒரே நாளில் மாறும் என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியாசர்பாடிக்காரி
அந்தத் தாத்தாக்களில் ஒருவர் என் தாத்தா. கடைசி வரை ரங்கூனைத் திட்டியதே இல்லை. அங்கே போனதால்தான் எழுதப் படிக்கக் கற்றேன் என்பார். ஒரு வார்த்தை கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். உங்கள் மகன் என்ன சொல்கிறார்?

பெரம்பூர் லோகோ
(இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.)
கேட்டேன். மறுபடி போவேன் என்கிறான். ஆனால் அந்தக் கல்லூரிக்கு இல்லை, அந்தக் கோர்ஸுக்கும் இல்லை என்கிறான். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியே போட்டுவிட்டேன், நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேதாஜி நகர் பையன்
எல்லோருக்கும் நன்றி. டெபாசிட் கட்டவில்லை. கன்சல்டன்சியிலிருந்து நேற்று மட்டும் ஆறு தடவை போன். பவேரிய சூத்திரத்தைச் சொல்லிக் கேட்டேன். "அதெல்லாம் இன்டர்நெட்டில் போடுவது" என்றார் அந்த மேடம். அதற்கு மேல் பதில் இல்லை.

விசாவுக்கு முன்னால் அக்கவுண்டில் 28 நாள் பணம் இருக்க வேண்டும், அதை நாங்களே "ஏற்பாடு" செய்து தருவோம், வட்டி தனி என்றும் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்போது உதவி என்று நினைத்தேன்.

ஏ1 வகுப்பில் இந்த மாதம் சேரலாம் என்றிருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து அம்பத்தூரிலிருந்து எப்படிப் போவது என்பதுதான் இப்போதைக்குப் பிரச்சினை.

வியாசர்பாடிக்காரி
சேருங்கள். ஆனால் ஏ1, அப்புறம் ஏ2, அப்புறம் அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள். என் செட்டில் மூன்று பேர் அப்படித்தான் அங்கேயே நின்றுவிட்டார்கள். குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசித் தேதி. ஏ.பி.எஸ். வாங்கவே பல வாரம் இழுக்கும், அதை முதலில் அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை
12 லட்சத்துக்கும் கடன்தானே, தம்பி? அதற்கும் ஈடு கேட்பார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே பொதுவாகக் கேட்பார்கள். மீதியை நீங்களும் அப்பாவும் சேர்த்துப் போட முடியுமா என்று பாருங்கள். பத்திரத்தைத் தொடாமல் முடிந்தால் அக்காவுக்கும் சண்டை போடக் காரணம் இருக்காது.

பெரம்பூர் லோகோ
பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது?

நேதாஜி நகர் பையன்
ஜெராக்ஸ் எடுக்க அப்பா வெளியே எடுத்தார். டி.வி. மேல் கவரோடு இருக்கிறது, சார். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.