எச்-இண்டெக்ஸ் 14ஆ, 9ஆ? நேர்காணலில் கட்டுரைப் பட்டியலை எப்படி முன்வைப்பது?

தரமணிவாசி (கேள்வி):
வணக்கம். துத்தநாக ஆக்சைடு மென்படலங்களில் டிரான்சிஸ்டர் செய்வது குறித்து முனைவர் பட்டம் முடித்துவிட்டு, சென்னையில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு நேர்காணலில், எச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்துக் காட்டும் எண்) 14 என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்த குழு உறுப்பினர் ஒருவர், ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் 9 என்றுதானே இருக்கிறது, ஏன் கூட்டி எழுதினீர்கள் என்று கேட்டார். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் கண்டதைத்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு வாய் எழவில்லை. இரண்டில் எது சரி? மேலும், என் மேற்கோள்களில் பெரும்பகுதி பொருள் தயாரிப்பு பற்றிய இரண்டு கட்டுரைகளுக்கே வந்திருக்கிறது. நான் ஆண்டுக்கணக்கில் உழைத்த டிரான்சிஸ்டர் கட்டுரைகளைக் கண்டுகொண்டவர்கள் மிகச் சிலரே. இதை எப்படி விளக்குவது?

அடையாறு நூலகர்:
இரண்டும் அவரவர் கணக்கில் சரியே. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்துப் பட்டியலிட்ட ஆய்விதழ்கள், மாநாட்டுத் தொகுதிகள், நூல்கள் போன்றவற்றில் வரும் மேற்கோள்களை மட்டும் எண்ணுகிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (ஆய்விதழில் வெளியாகும் முன் இணையத்தில் இடப்படும் கட்டுரைகள்) என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்த்துக்கொள்வதால், அதில் எண் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். எனவே எண்ணோடு தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் எழுதாத குறிப்பு அரைகுறையானது.

அதற்கு முன், உங்கள் பக்கத்தில் இருப்பவை அனைத்தும் உங்கள் கட்டுரைகள்தானா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியலாக நிற்கிறது. ஆய்விதழ்களின் படிவங்களோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஒருவரே ஒரு கட்டுரையில் இனிஷியலோடும் இன்னொன்றில் தந்தை பெயரை விரித்தும் எழுதிவிட, தரவுத்தளம் அவரை இரண்டு ஆளாக்கிவிடுகிறது. ஒரே பெயரும் இனிஷியலும் கொண்ட இருவரை ஒருவராக்கியும் விடுகிறது. 2012 முதல் வழங்கப்படும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண்) எல்லாக் கட்டுரைகளிலும் குறிப்பிட்டு வந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

கிண்டி பேராசிரியர்:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-இண்டெக்ஸ் அளவீட்டின்படி, 14 என்றால் குறைந்தது 14 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் பதினான்கு உள்ளன என்றுதான் பொருள். அவற்றுள் ஒன்று பத்தாயிரம் மேற்கோள்கள் பெற்றிருந்தாலும் அது ஒன்றாகவே எண்ணப்படும். கெய்மும் நோவோசெலோவும் 2004இல் வெளியிட்ட, 2010 நோபல் பரிசுக்கு வழிவகுத்த கிராஃபீன் கட்டுரையும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

புதுப் பொருளைத் தயாரிக்கும் முறையைச் சொல்லும் கட்டுரையை மின்கலம், உணரி, வினையூக்கி என்று பல துறையினரும் மேற்கோள் காட்டுவார்கள். டிரான்சிஸ்டர் போன்ற சாதனத்தைப் பற்றிய கட்டுரையை அதே வகைச் சாதனத்தைச் செய்பவர் மட்டுமே காட்டுவார். மின்னணுவியலில் ஒரு பணியின் பயன் காப்புரிமையாகவும் வெளிப்படலாம். கணினி நினைவகங்களுக்கு அடிப்படையான ஒற்றை டிரான்சிஸ்டர் டிராம் செல்லுக்கு (ஒரு பிட் தகவலைத் தேக்கும் நினைவக அலகு) ராபர்ட் டென்னார்ட் 1968இல் பெற்றது காப்புரிமை. ஸ்கோபஸின் எச்-இண்டெக்ஸ் கணக்கில் அதற்கு இடமே இல்லை. ஆகவே மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, படலத்தைப் படியவைத்தது யார், அளவீடு செய்தது யார், கணக்கிட்டது யார் என்று உங்கள் பங்கை இரண்டிரண்டு வரிகளில் எழுதுங்கள். ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள் எண்ணிக்கை) வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு குறித்த டோரா அறிவிப்பும், கட்டுரையின் உள்ளடக்கத்தையே பார்க்கச் சொல்கிறது.

பெரம்பூர் முதுமுனைவர்:
ஐயா சொல்வதை ஏற்கிறேன்; ஆனால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைச் சலிக்கும்போது முதலில் கண்ணில் படுவது எண்தான் என்பதை மறுக்க முடியாது. அதனால் எண்ணைத் தவிர்க்காமல், சுயமேற்கோள்களை (உங்கள் கட்டுரைகளை நீங்களே மேற்கோள் காட்டியவற்றை) நீக்கிய எண்ணிக்கையையும் சேர்த்தே கொடுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் எண்ணைக் கூட்டிக் காட்டினீர்களோ என்ற சந்தேகம் எழாது.

தரமணிவாசி:
அனைவருக்கும் நன்றி. நூலகர் சொன்னபடி பார்த்தபோது, கூகுள் ஸ்காலரில் என் பெயரும் இனிஷியலும் கொண்ட வேறொருவரின் மூன்று கட்டுரைகள் என் கணக்கில் இருந்தன. அவற்றை நீக்கியதும் 14 என்பது 12 ஆகிவிட்டது. ஸ்கோபஸிலோ என் இரண்டு மாநாட்டுக் கட்டுரைகள் வேறு எழுத்துக்கூட்டலில் தனிப் பக்கமாகக் கிடந்தன, இணைக்கக் கோரியிருக்கிறேன். அந்த நேர்காணலின் முடிவு இன்னும் வரவில்லை. அவர்களுக்கு இதைத் தெரிவிக்க வேண்டுமா? தெரிவித்தால் வாய்ப்பு போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

கிண்டி பேராசிரியர்:
தெரிவியுங்கள், இன்றே. தவறு எப்படி நேர்ந்தது, நீக்கிய கட்டுரைகள் எவை, இப்போதைய எண்கள் எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் பார்த்தவை என்று நான்கு வரிகள் போதும். வருத்தத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. திருத்திய பட்டியலையும் உடன் இணைத்துவிடுங்கள்.