கிரீட் (1924): பத்து ரீலா, நாலு மணி நேரமா?

நாவல்பித்தன்: ஸ்ட்ரோஹைம் இயக்கிய ‘கிரீட்’ மௌனப் படத்தை முதல்முறை பார்ப்பவர்களுக்கு, வெட்டுப்பட்ட இடங்களை நிரப்பி 1999-இல் ரிக் ஷ்மிட்லின் தொகுத்த 239 நிமிடப் பிரதிக்குத்தான் என் ஓட்டு. எம்ஜிஎம் ஸ்டுடியோ வெட்டிச் சுருக்கி 1924-இல் வெளியிட்ட பத்து ரீலில் மரியா எதற்கு வருகிறாள்? நாயகன் மெக்டீக்கின் மனைவியாகப்போகும் டிரினாவுக்கு லாட்டரிச் சீட்டு விற்கிறாள், அவ்வளவுதான். படத்துக்கு மூலமான ஃபிராங்க் நோரிஸின் ‘மெக்டீக்’ நாவலில் அவள் சொல்லும் தங்கப் பாத்திரக் கதைக்காகவே பழைய சாமான்காரன் ஜெர்கோ அவளைக் கட்டிக்கொள்கிறான். குழந்தை பிறந்தபின் அந்தக் கதையே அவளுக்கு மறந்துபோகிறது, கழுத்தை அறுத்துவிடுகிறான். கணவன் கையில் டிரினா சாவதற்கு அதுதான் முன்னறிவிப்பு. அதை எடுத்துவிட்டால் மெக்டீக் வெறும் குடிகாரக் கொலைகாரன்.

ரீல்பெட்டி: மரியா விஷயம் சரி சார். ஆனால் அந்த 1999 பிரதியில் சேர்த்தது ஓடும் படம் இல்லை, ஸ்டில், அதாவது அசையாப் புகைப்படம், 650-க்கும் மேல். தனி கேமராவில் எடுத்த ஸ்டில்லை வைத்து ஷாட் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. கல்யாணக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மணம் நடக்கிறது, பின்னால் ஜன்னல் வழியே தெருவில் சவ ஊர்வலம் போகிறது. ஒரே ஷாட், இரண்டும் கூர்மை. கண்ணில் பட்டால் படட்டும் என்று ஸ்ட்ரோஹைம் விட்டுவிடுகிறார். ஸ்டில் என்றால் அதன்மேல் கேமராவை நகர்த்தி ‘இதோ பார்’ என்று காட்டியாக வேண்டும்.

நாவல்பித்தன்: அந்தக் காட்சி நாலு மணி நேரப் பிரதியிலும் ஓடும் படமாகத்தானே இருக்கிறது! வெட்டுப்பட்ட இடத்தில்தான் ஸ்டில். வரிசையும் 1923 மார்ச் திரைக்கதைப்படி.

ரீல்பெட்டி: அங்கேதான் சிக்கல். அது காகிதத்து வரிசை. ஸ்ட்ரோஹைம் முதலில் 42 ரீலாக வெட்டி ஒட்டியபோது அவர் எதை எங்கே நகர்த்தினார் என்பது அதில் இருக்காது.

கத்துக்குட்டி: 42 ரீல் எட்டு மணி நேரமா, ஒன்பதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

ஆபரேட்டர்: ஓட்டும் வேகத்தைப் பொறுத்தது தம்பி. 35 எம்எம்மில் அடிக்கு 16 ஃபிரேம், ஆயிரம் அடி ரீலுக்கு 16,000. நொடிக்கு 20 ஃபிரேம் ஓட்டினால் ரீலுக்கு 13 நிமிடம் 20 நொடி. மொத்தம் 9 மணி 20 நிமிடம். பேசும்பட வேகமான 24-இல் ஓட்டினால் 7 மணி 46. ரீல் முழுக்க நிரம்பியிருக்காது, ஆகவே இன்னும் கொஞ்சம் குறையும். கேமரா கைப்பிடி சுற்றியதைவிட வேகமாக ஓட்டினால் கடைசி மரணப் பள்ளத்தாக்குச் சண்டை கோமாளிப் படம் மாதிரி துள்ளும், அதையும் கவனிங்க.

நாவல்பித்தன்: வரிசை விஷயத்தில் ரீல்பெட்டி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கும் கிழவர் கிரானிஸும் மிஸ் பேக்கரும்? மெல்லிய தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சாயங்காலமெல்லாம் அடுத்த அறைச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு ஸ்டில்லே போதுமே.