8 துளை பிளாஞ்ச் மார்க்கிங்: டிவைடர் கடைசித் துளையில் சேர மாட்டேங்குது, உதவி வேண்டும்

ஃபிட்டர் அப்ரண்டிஸ், கோவை

வணக்கம் அண்ணன்களே. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சிட்டு ஒரு பம்ப் பட்டறையில் அப்ரண்டிஸா இருக்கேன். 80 மி.மீ. பைப்புக்கு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளாஞ்ச் ஒண்ணு, அதாவது பைப் முனையில் போல்ட் போட்டு இணைக்கிற வட்டத் தகடு, மார்க் பண்ணச் சொல்லியிருக்காங்க. வெளிவிட்டம் 200, போர் (நடு ஓட்டை) 90, பி.சி.டி. (துளை மையங்கள் வர்ற வட்டத்தோட விட்டம்) 160, 18 மி.மீ. துளை 8. முகம் லேத்தில் எடுத்தாச்சு.

பக்கத்துப் பக்கத்துத் துளைக்கு நடுவில் நேர் தூரம் எவ்வளவுன்னு பார்க்க சைன் 22.5 டிகிரியை 160-ஆல் பெருக்கினேன், 61.23 வந்தது. ஸ்டீல் ரூலில் அரை மில்லி கோடுதான் இருக்கு. டிவைடரை (ரெண்டு கூர்முனைக் கால் உள்ள கவராயம்) 61-க்கு வச்சு வட்டத்தைச் சுத்தி வந்தா கடைசி இடைவெளி 63 பக்கம் நிக்குது. 61.5 வச்சா 59 சொச்சம்தான் மிஞ்சுது. கால் மில்லிகூட தப்பில்லையே, எப்படி 2 மில்லி வித்தியாசம் வருது? இன்னொண்ணு, வட்டம் போடும்போது சில இடத்தில் கோடு இரட்டையா விழுது. போரில் மரக்கட்டை அடிச்சு அதில்தான் சென்டர் எடுத்திருக்கேன்.

டூல் ரூம்காரன்

தம்பி, உங்க கணக்கு சரி. 61 வச்சா ஒவ்வொரு அடிக்கும் 0.23 குறையுது. எட்டு அடியும் சேர்ந்தா 2 மில்லிக்குக் கொஞ்சம் கம்மி. அது முழுக்க கடைசி இடைவெளி தலையில் விழும். வெர்னியர் காலிப்பரில் (நுணுக்கமா அளவு எடுக்கிற கருவி) 61.23 வச்சு அதில் டிவைடரைச் செட் பண்ணிப் பாருங்க.

பழைய ஃபிட்டர்

வெர்னியர் வேண்டாம்ங்க. டிவைடர் முனையை வெர்னியர் வாயில் வச்சு அழுத்தினா ரெண்டும் கெடும். அப்படியே வச்சாலும் முனை பஞ்ச் (குறி அடிக்கிற கூர்முனைக் கருவி) குழியில் உட்காரும்போது எவ்வளவு நகரும்னு சொல்ல முடியாது.

தம்பி, எட்டுத் துளைக்கு 61.23 என்கிற எண்ணே தேவையில்லை. ஒரே இடைவெளியை மாறாம எடுத்துட்டுப் போறதுதான் டிவைடரோட வேலை. அளவு எடுக்கிறது ரூலோட வேலை. ரெண்டையும் கலக்காதீங்க. எட்டு என்பது பாதிக்குப் பாதிக்குப் பாதி. பாதியாக்க டிவைடரை மிஞ்சின கருவி கிடையாது.

முதல்ல சென்டர். போர் முழுக்க கட்டையை அடைக்காதீங்க. குறுக்கே ஒரு பட்டைக் கட்டையை மட்டும் இறுக்கி, மேலே சின்னத் தகரத்துண்டு ஒண்ணை ஆணி அடிச்சு வையுங்க. ரெண்டு பக்கமும் போர் சுவர் தெரியும். ஜென்னி காலிப்பரோட (ஒரு கால் வளைஞ்சும் இன்னொண்ணு கூராவும் இருக்கும்) வளைஞ்ச காலை அந்தச் சுவரில் வச்சு நாலு திசையிலிருந்தும் தகரத்தில் வில் போடுங்க. நடுவில் விழுற குட்டிச் சதுரத்தோட மத்திதான் சென்டர். தகரம் பிளாஞ்ச் முகத்தோட ஒரே மட்டத்தில் இருக்கணும். 5 மில்லி கீழே இருந்தா டிவைடர் சாய்ஞ்சு நிக்கும், 80 வச்ச ரேடியஸ் 79.8-தான் விழும். விட்டத்தில் அது 0.3 மில்லி.

ரேடியஸ் 80-ஐ ரூலோட முனையிலிருந்து எடுக்காதீங்க, முனை தேஞ்சிருக்கும். 10-இல் ஒரு காலை வச்சு 90-க்குத் திறங்க. வெட்டின கோட்டில் முனை விழுறது விரலுக்கே தெரியும். வட்டம் போட்டதும் குறுக்கே அளந்து 160 வருதா பாருங்க. ரேடியஸில் இருக்கிற தப்பு விட்டத்தில் இரட்டிப்பாத் தெரியும்.

இப்போ சென்டர் வழியா ஒரு கோடு. அது வட்டத்தை வெட்டுற ரெண்டு இடத்திலும் 30 டிகிரி பிரிக் பஞ்சில் லேசாக் குழி. டிவைடரை 120 அளவுக்குத் திறந்து ரெண்டு குழியிலிருந்தும் மேலும் கீழும் வில் போடுங்க. வெட்டுப்புள்ளி சென்டரிலிருந்து 89 மில்லி பக்கம், பிளாஞ்சுக்குள்ளேயே விழும். ரெண்டையும் சேர்த்துக் கோடு போட்டு, அது வட்டத்தை வெட்டுற இடத்திலும் குழி வச்சா நாலு துளை கிடைச்சாச்சு. அப்புறம் டிவைடரை 66-க்குக் குறைச்சு, பக்கத்துப் பக்கத்துக் குழிகளிலிருந்து வில் போட்டு, அந்த வெட்டுப்புள்ளியைச் சென்டரோட சேருங்க. மிச்ச நாலும் வந்துடும். 120, 66 ரெண்டும் சும்மா ஒரு அளவு, ஒண்ணு ரெண்டு மில்லி மாறினாலும் பாதகமில்லை. ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போறப்போ டிவைடர் திறப்பு மாறக்கூடாது, அது போதும்.

சரிபார்க்கத்தான் சுத்தி வரணும். பக்கத்து ரெண்டு குழிக்கு டிவைடரை வச்சு எட்டையும் சுத்துங்க. எந்த இடத்தில் முனை குழிக்கு வெளியே நிக்குதோ அந்தக் குழியை மட்டும் பாருங்க.

கோடு இரட்டையா விழுறது முனைப் பிரச்சினை. ரெண்டு காலும் ஒரே நீளம் இல்லேன்னா ஒண்ணு தூக்கிட்டு நிக்கும். கிரைண்டரில் காட்டாதீங்க, சூட்டில் முனை இளகிடும். ஆயில் ஸ்டோனில், காலோட வெளிப்பக்கத்தை மட்டும் தேய்ங்க. உள்பக்கம் தேய்ச்சா ரெண்டும் நெருங்கி மூடாது, சின்ன ரேடியஸ் வைக்கவும் முடியாது. வட்டம் போடும்போது கை பாரம் சென்டரில் நிக்கிற காலுக்குப் போகணும். கோடு கிழிக்கிற கால் லேசா வந்தா போதும்.

பைப்லைன் வெல்டர்

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். பைப்பில் பத்த வைக்கிறப்போ துளை எதுவும் நேர் மேலே வரக்கூடாது. செங்குத்துக் கோடு ரெண்டு துளைக்கு நடுவில் போகணும், வால்வு பிளாஞ்செல்லாம் அப்படித்தான் வரும். அந்த நடுக்கோட்டையும் விளிம்பில் ஒரு கீறலாப் போட்டுக் குடுத்தீங்கன்னா சைட்டில் எங்களுக்கு வேலை மிச்சம்.

ஃபிட்டர் அப்ரண்டிஸ், கோவை

ரொம்ப நன்றி அண்ணே. கோடு நல்லாத் தெரிய மயில்துத்தம் தடவிட்டு மறுபடி போட்டேன். எட்டும் சுத்தி வந்து சேருது. கட்டை உண்மையிலேயே உள்ளே இறங்கித்தான் இருந்தது. வெல்டர் அண்ணன் சொன்ன நடுக்கோட்டையும் விளிம்பில் கீறிட்டேன். இப்போ டிரில் பண்ணும்போது முனை இடம் மாறி ஓடாம இருக்க என்ன பண்ணணும்? எம்16 (16 மி.மீ.) போல்ட் தான் வரும்.

பழைய ஃபிட்டர்

18 துளையில் எம்16-ன்னா மொத்தம் 2 மில்லி இடம் இருக்கு. அதுக்காக மெத்தனமா விட்டுடாதீங்க, எதிர் பிளாஞ்சும் கொஞ்சம் தள்ளியிருந்தா அந்த இடம் காணாமப் போயிடும்.

ஒவ்வொரு குழியிலும் 9 மி.மீ. ரேடியஸில் வட்டம் போடுங்க. அந்த வட்டத்தின் மேல் நாலு இடத்தில் லேசாப் பஞ்ச் வையுங்க. அதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் 90 டிகிரி சென்டர் பஞ்சில் குழியைப் பெரிசாக்கணும். முன்னாடியே பெரிசாக்கினா டிவைடர் முனை அந்தக் குழிக்குள்ளே அலையும். 6 மி.மீ. டிரில்லில் பைலட் (முதல் சின்னத் துளை), அப்புறம் 12, கடைசியில் 18. பைலட் முனை கொஞ்சம் உள்ளே போனதும் தூக்கிப் பாருங்க. வட்டத்துக்கு நடுவில் இல்லேன்னா அப்பவே திருத்தலாம். முழு விட்டம் இறங்கின பிறகு ஒண்ணும் செய்ய முடியாது. முடிஞ்சதும் வட்டத்தில் வச்ச நாலு பஞ்சும் பாதிப்பாதியா வெட்டுப்பட்டு நிக்கணும்.

ஆறு துளை வந்தா ரேடியஸையே வச்சுச் சுத்துங்க. அஞ்சு துளைக்குத்தான் கணக்கு வேணும், பி.சி.டி.யை 0.5878-ஆல் பெருக்குங்க. அங்கே முதல் சுத்தில் மிஞ்சுறதை அஞ்சாப் பிரிச்சு, அந்த அளவுக்கு மட்டும் டிவைடர் நட்டைத் திருப்பி மறுபடி சுத்தணும். அதுவரைக்கும் பஞ்ச் அடிக்காதீங்க.