ஸ்விங் பௌட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளின் ஒளிபரப்புச் சொற்களில் ஃபைட் கார்டுக்கு "மோதல் நிரல்", மெயின் கார்டுக்கு "முதன்மை நிரல்", கேட்ச்வெயிட்டுக்கு "உடன்பாட்டு எடை" என்று சிக்கலில்லாமல் அமைந்துவிட்டன. ஸ்விங் பௌட்டில்தான் நிற்கிறோம். நிரலில் நிலையான இடம் இல்லாமல், நேரம் மிஞ்சினால் நுழைக்கவும் மிஞ்சாவிட்டால் தள்ளிப்போடவும் தயாராக வைத்திருக்கும் மோதல் அது. "ஊசல் மோதல்" என்று முன்மொழிகிறேன்.

---

> "ஊசல் மோதல்" என்று முன்மொழிகிறேன்.

ஐயா, ஊசல் என்றதும் ஊசிப்போன சோறும் நினைவுக்கு வரும். அதைக்கூடப் பொறுக்கலாம். வெற்றி இருபக்கமும் ஊசலாடிய கடும் மோதல் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இங்கே ஆடுவது முடிவல்ல, நேரம்.

தேவையிலிருந்து தொடங்குவோம். பொது விதிகளின்படி சாதாரண மோதலுக்கு 5 நிமிடச் சுற்றுகள் 3, நடுவில் 1 நிமிட ஓய்வு. ஆக அதிகம் போனால் 17 நிமிடம். பட்டத்துக்கான மோதல் 5 சுற்று, 29 நிமிடம். ஐந்து மோதல் கொண்ட முதன்மை நிரலில் கடைசி ஒன்று பட்டத்துக்கானது என்றால், எல்லாம் நடுவர் தீர்ப்புவரை போனால் 97 நிமிடம். எல்லாமே இரண்டு நிமிடத்தில் நாக்அவுட் ஆனால் 10 நிமிடம். வீரர் வருகை, அறிமுகம், பேட்டி இவற்றை இழுத்தும் சுருக்கியும் இந்த 87 நிமிடப் பள்ளத்தை எந்தத் தயாரிப்பாளரும் தூர்க்க முடியாது.

மோதல் நீண்டு நேரம் மிகுந்துபோகும் கதை வேறு. 1994 டிசம்பரில் யுஎஃப்சி (இந்தப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம்) நடத்திய நான்காம் நிகழ்வான யுஎஃப்சி 4-இன் இறுதியில் ஹாய்ஸ் கிரேஸியும் டான் செவர்னும் ஏறத்தாழ 16 நிமிடம் மோதினார்கள். கட்டண ஒளிபரப்புக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்து, பல வீடுகளில் முடிவு தெரியுமுன்பே படம் நின்றுபோனது. அப்போது நேர வரம்பே கிடையாது. 1995-இல் அடுத்த போட்டியிலேயே கொண்டுவந்தார்கள். அப்படியும் 2001-இல் யுஎஃப்சி 33-இன் முதன்மை நிரல் முழுக்கத் தீர்ப்புவரை போய், மறுபடி நேரம் போதவில்லை. வரம்பால் நீளத்தை ஓரளவு அடக்கலாம். குறைச்சலை அடக்க வழியில்லை. அதற்குத்தான் இந்தக் கையிருப்பு மோதல்.

பள்ளத்தை மூடிச் சமன்செய்வது நிரவுதல். பணி நிரவலில் ஆள் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மாற்றுகிறோம் அல்லவா? ஆகவே "நிரவல் மோதல்".

---

> ஆகவே "நிரவல் மோதல்".

நிரவல் இசைச் சொல்லும்கூட, கச்சேரி கேட்பவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை. "இட்டுநிரப்பு மோதல்" என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது வீரரை மட்டம்தட்டுகிறது. அவரும் மற்றவர்களைப் போலவே எடை காட்டி, மருத்துவச் சோதனை முடித்து வந்தவர்தான். என் ஆதரவு நிரவலுக்கு.

ஆனால் வரையறையில் காத்திருப்பு இடம்பெற வேண்டும். கைக்கட்டைச் சரிபார்த்து ஆய்வாளர் கையெழுத்திட்டு, கையுறை மாட்டி நாடா ஒட்டியபின் வீரர் தன் இஷ்டத்துக்குக் கழற்ற முடியாது. "அடுத்தது நீங்கள்" என்றதும் உடம்பைச் சூடேற்றி வியர்க்க வைக்கிறார். கூண்டுக்குள் நடக்கும் மோதல் மூன்றாம் சுற்றுக்கு நீண்டுவிட்டால் மறுபடி உட்காரவேண்டும். இரண்டு முறை இப்படி ஏறி இறங்கினால் முதல் சுற்றிலேயே கால் கனக்கும். விவரமறிந்த பயிற்சியாளர் அரைச் சூட்டிலேயே வைத்திருந்து, உறுதியான அழைப்பு வந்தபின் மீதியை முடிப்பார்.

கடைசிவரை இடைவெளி கிடைக்காவிட்டால் முதன்மை மோதலுக்குப் பின் நடக்கும். அதற்கு வாக்கவுட் பௌட் என்று தனிப் பெயர் உண்டு. கூட்டம் கிளம்பலாம், மருத்துவரும் ஆம்புலன்ஸும் கிளம்பக் கூடாது. முன்னதில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டால், மாற்று வண்டி வந்து நிற்கும்வரை மணி அடிக்காது. இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

---

"கலைநேர மோதல்" கூட்டம் கலைவதைச் சொல்லும். ஆனால் தற்காப்புக் கலைக்குப் பக்கத்தில் வந்தால் குழப்பும். "கடை மோதல்" வியாபாரிகள் தகராறு. "ஈற்று மோதல்" சரிவரும். அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

நிரவல் மோதல் – ஒளிபரப்பில் மிஞ்சும் நேரத்தை நிரப்ப, வரிசை எண் இல்லாமல் நிரலில் சேர்க்கப்படும் மோதல். இரு வீரர்களும் கையுறையுடன் அழைப்புக்குக் காத்திருப்பர். நேரம் அமையாவிடில் ஈற்று மோதலாக நடத்தப்படும், ஒளிபரப்பாகாமலும் போகலாம்.