மூன்றாவது கம்பியில் பஞ்சமம் எங்கே போகிறது?

தம்புராக்காரி: எட்டு வருஷம் கர்நாடக வாய்ப்பாட்டு. கிட்டார் பிடித்து நாலு மாதம்தான் ஆகிறது. பவர் கார்டுக்கு (ச, ப இரண்டு ஸ்வரம் மட்டும் சேர்ந்த பிடி) ஆறாவது கம்பியில் 3ஆம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்), ஐந்தாவதில் 5ஆம் ஃப்ரெட். அச்சு அசல் ச-ப. அதே பிடியை 5-4, 4-3 கம்பிகளுக்கு நகர்த்தினாலும் சரியாக இருக்கிறது. மூன்றாவதில் 5, இரண்டாவதில் 7 வைத்தால் மட்டும் காது கூசுகிறது. ட்யூனர் எல்லாக் கம்பிக்கும் பச்சை காட்டுகிறது. கிட்டார் கோளாறா? இன்னொன்று, இதை ஏன் ‘ஃபிஃப்த்’ என்கிறார்கள்? எண்ணினால் ஏழு ஃப்ரெட் வருகிறதே!

ஆறுகம்பி: கிட்டார் பாவம், விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டது பிரதி மத்திமம், பஞ்சமத்துக்கு ஒரு படி கீழே!

ஒரு ஃப்ரெட் என்றால் ஒரு ஸ்வரஸ்தானம். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே 5 ஃப்ரெட், அதாவது ச-விலிருந்து சுத்த மத்திமம். ஜி-க்கும் (மூன்றாவது கம்பி) பி-க்கும் (இரண்டாவது கம்பி) நடுவே மட்டும் 4, அந்தர காந்தாரம். சுருதி சேர்க்கும்போது அங்கே மட்டும் 4ஆம் ஃப்ரெட்டை அழுத்துவீர்களே, அதுதான். உங்கள் பிடி இன்னும் 2 ஃப்ரெட் கூட்டுகிறது. மற்ற இடங்களில் 7, பஞ்சமம். இங்கே 6. இரண்டாவது கம்பியில் 8ஆம் ஃப்ரெட்டுக்குப் போங்கள்.

ஃபிஃப்த் ஃப்ரெட் கணக்கில்லை, எழுத்துக் கணக்கு. ச ரி க ம ப, ச-வையும் சேர்த்து ஐந்து.

தம்புராக்காரி: 8 வைத்தேன், ப வந்துவிட்டது! அந்த ஒரு கம்பியை மட்டும் ஏன் இப்படிக் கெடுத்து வைத்தார்கள்?

பழைய பாஸ்: கெடுக்கவில்லை. ஐந்து இடைவெளியும் 5 என்றால் மொத்தம் 25. தடித்த கம்பி இ, மெல்லிய கம்பி எஃப். ஒரு விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்றை 4 ஆக்கினால் 24, சரியாக இரண்டு ஸ்தாயி, இரண்டு பக்கமும் இ. எல்லாவற்றையும் 5 வைத்து வாசிப்பவர்களும் உண்டு, பிடி எங்கும் மாறாது. ஆனால் அப்படி ஒரே விரலைக் குறுக்கே படுக்க வைக்கும் பார் கார்டு வாசிக்கும்போது விரல் அழும்.

ஆறுகம்பி: ஒரு எச்சரிக்கை. பாட்டுக் காது என்பதால் இ மேஜர் கார்டில் ஜி கம்பியில் வரும் காந்தாரம் கொஞ்சம் ஏறியே கேட்கும். ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் 12 சம பங்காக வெட்டியவை. சுத்தமான காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் (ஒரு ஃப்ரெட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். இனிக்கிறதே என்று ஜி கம்பியை இறக்கிவிடாதீர்கள், அடுத்து சி மேஜர் அடிக்கும்போது பஞ்சமம் தொங்கும்.

தம்புராக்காரி: ஐயோ, நேற்று ராத்திரி அதைத்தான் செய்தேன் :)