மணி முன்னாலயா பின்னாலயா? (பார்வையற்றோருக்கான விஆர், அதாவது மெய்நிகர் உலகம்)

கல்லணைக்காரன்: "பார்வையில்லாதவங்களுக்கு விஆர் கேம் பண்றது சுலபம், ஸ்டீரியோல இடது வலது பிரிச்சா போதும்"னு நேத்து ஒருத்தர் அருள்வாக்கு சொல்லியிருக்கார். சாமி, திருவையாறு படித்துறைல ஆட்டக்காரன் நிக்கிறான். கோயில் மணி வலப்பக்கம் முன்னால 45 டிகிரில அடிச்சாலும், பின்னால 135 டிகிரில அடிச்சாலும், ரெண்டு காதுக்கும் நேர வித்தியாசம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை வச்சு முன்ன பின்ன கண்டுபிடிப்பான்? நேரா ஆத்துல எறங்குவான்.

மன்னை மைனர்: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். பின்னால வர்ற சத்தத்தை லோ-பாஸ் (உயர் அதிர்வெண்ணைக் குறைக்கிற வடிகட்டி) போட்டு மழுக்குனா தெரிஞ்சிரும்.

கல்லணைக்காரன்: கதவு சாத்துனாலும் மழுங்கும். மணி முதுகுப் பக்கமா, சுவத்துக்கு அந்தப் பக்கமா? கேம் செய்யற மென்பொருள் யூனிட்டில ஸ்பேஷியல் பிளெண்டுங்கிற அமைப்பை 1 வச்சதும் 3டி ஆயிட்டதா நெனப்பு. அது சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு இட வலம் தள்ளும், அவ்வளவுதான். தலையும் காது மடலும் சத்தத்தை எப்படி மாத்தும்னு கணக்குப் போடற செருகுநிரல் ஸ்டீம் ஆடியோ; புராஜெக்ட் செட்டிங்ஸ் ஆடியோல அதை ஸ்பேஷியலைசரா எடுக்கணும். ஒவ்வொரு ஆடியோ சோர்ஸ்லயும் ஸ்பேஷியலைஸ் டிக் போடணும். சத்த ஃபைல் மோனோவா, ஒரே சேனலா இருக்கணும்.

குடந்தை டிகிரி: அறவே தெரியாதவங்களுக்கா, மங்கலாத் தெரியறவங்களுக்கா? மங்கலுக்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2019லயே சீயிங்விஆர்னு 14 கருவி காட்டிட்டாங்க. உருப்பெருக்கி, விளிம்புக்கோடு எல்லாம் உண்டு.

மன்னை மைனர்: ஸ்டீம் ஆடியோ கணக்கும் ஆட்டக்காரன் காதை அளந்து போட்டதில்ல. முன்ன பின்ன அதுலயும் குழம்பும்.

கல்லணைக்காரன்: அதுக்குத்தான் தலை இருக்கு! வலப்பக்கம் திருப்புனா முன்னால இருக்கிற சத்தம் இடது காதுக்கு நகரும், பின்னால இருக்கிறது வலது காதுக்கு. 100 மில்லிசெகண்டுல 'டிங்'னு முடிஞ்சா திரும்பறதுக்குள்ள போச்சு, அதனால விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருக்கணும். வெறும் பீப் வேணாம். முன்ன பின்ன பிரிக்கக் காது மடல் வேலை செய்யறது உயர் அதிர்வெண்லதான். சலங்கை, மதகுத்தண்ணி மாதிரி இரைச்சல் வைங்க. ப்ளூடூத் ஹெட்போன் தாமதம் மொத்தத்தையும் கெடுக்கும், வயர் மாட்டுங்க.

மன்னை மைனர்: நான் ஸ்டீரியோன்னதே தலையோட சேத்துத்தான்.

கல்லணைக்காரன்: எங்க சொன்னீங்க? வரியைக் காட்டுங்க. போன மாசமும் இப்படித்தான், கன்ட்ரோலர் நடுங்குனா கைத்தடி ஆயிரும்னீங்க. பார்வையற்றவங்களுக்கான விஆர் கைத்தடி, 2018 கேன்ட்ரோலர்ல உடம்புல மாட்டுன பிரேக் தடியையே பிடிச்சு நிறுத்துச்சு. நடுக்கம் செவுரு ஆகாது.

வெண்ணாறு: அண்ணே, திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைல ஆத்தைப் பாத்து நின்னா ஐயாறப்பர் கோயிலே முதுகுப் பக்கம்தான். மணி முன்னால எப்படி வரும்?

கல்லணைக்காரன்: படியேறித் திரும்ப மாட்டானா தம்பி?

மன்னை மைனர்: மேட்டூர் தொறந்து தண்ணி வர்ற வரைக்கும் ஆத்துல மணல்தான். எறங்கட்டுமே.

குடந்தை டிகிரி: அறவேயா, மங்கலா?

கல்லணைக்காரன்: டிகிரி, குறுக்க வராதீங்க. மைனர், அந்த வரி எங்க?