பரணில் இருக்கும் பூச்சாண்டி: நான்கு வயது மகளின் அச்சத்தை எப்படிப் போக்குவது?

கேள்வி (ஒரு தாய்):
என் மகள் சோற்றுக்கு வாய் திறக்க மறுத்தால், "பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று என் மாமியார் சொல்வது வழக்கம். அந்தப் பூச்சாண்டி குளியலறைக்கு மேலுள்ள பரணில் ஒளிந்திருப்பதாக இப்போது அவள் உறுதியாக நம்புகிறாள். இருட்டியபின் அந்தப் பக்கமே போவதில்லை. நாற்காலி போட்டு ஏறி, பழைய பாத்திரங்களைத் தவிர அங்கே எதுவும் இல்லை என்று காட்டினேன். "நீ பார்த்தால் அது போய்விடும்" என்கிறாள். மாமியார் பாசத்தோடுதான் ஊட்டுகிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

மறுமொழி (ஓய்வுபெற்ற பால்வாடி ஆசிரியை):
மூன்று முதல் ஆறு வயது வரை இவ்வகை அச்சம் இயல்பானதே, அம்மா. கற்பனை விரைந்து வளரும் அந்த வயதில், மனத்தில் தோன்றுவதையும் வெளியே உண்மையில் இருப்பதையும் பிரித்தறியும் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. ஆகவே வாதாடிப் பயனில்லை. பரணில் ஏறித் தேடுவதும், 'அம்மாவே தேடுகிறாள் என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும்' என்ற எண்ணத்தையே வளர்க்கக்கூடும். "உனக்குப் பயமாக இருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று முதலில் அவள் அச்சத்தை ஒப்புக்கொள்ளுங்கள். பகலில் அந்தப் பூச்சாண்டியை வரையச் சொல்லுங்கள். தான் வரைந்ததற்குத் தொப்பி போடவும், வேண்டாமென்றால் அழிக்கவும் அவளால் முடியும் என்பதுதான் இதில் முக்கியம். மாலையில் டார்ச் விளக்கை அவள் கையிலேயே கொடுத்து, சுவரில் நிழல் மானும் நிழல் நாயும் காட்டி விளையாடுங்கள். இருட்டு அப்படிப் பழகிய பிறகு, குளியலறை வாசல் வரை ஒரு நாள், உள்ளே இன்னொரு நாள் என்று அவள் போக்கிலேயே அழைத்துச் செல்லலாம்.

மறுமொழி (ஒரு தாத்தா):
என் மனைவியும் பேரனுக்கு அப்படித்தான் ஊட்டினார். என் மகள் குறை கூறாமல், "பிள்ளை இரவில் நடுங்குகிறான், நீங்கள்தான் அவனுக்குத் தைரியம் சொல்ல வேண்டும்" என்று பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தாள். அன்றிலிருந்து காக்கைக்கு ஒரு பிடி, பேரனுக்கு ஒரு பிடி என்று ஊட்டலானார்.

மறுமொழி (ஒரு செவிலியர்):
குழந்தை உறங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, உங்களை அடையாளம் காணாமல் அழுது, காலையில் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை என்றால், அது கெட்ட கனவன்று. ஆழ்ந்த உறக்கத்தில் நேரும் திடுக்கம். அப்போது எழுப்ப முயலாமல், அடிபடாதபடி காவலாக இருங்கள். பகலிலும் அச்சம் தொடர்ந்து, உணவும் உறக்கமும் கெட்டால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அலறல் ஏதும் இல்லை. படுக்கப் போகும் நேரத்தில் மட்டுமே அஞ்சுகிறாள். இன்றிரவு அத்தையிடம் தாத்தா சொன்ன விதத்திலேயே பேசப் போகிறேன்.